முன்கைச் சிரைகள் தீர்ந்த பிறகு: தாம்பரம் வட்டாரத்தில் டயாலிசிஸ் நோயாளிக்கு எஞ்சும் வழிகள்

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த ஒருவரை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் ஹீமோடயாலிசிஸ் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த மையத்தில் எத்தனை இயந்திரங்கள் இருக்கின்றன, எந்த ஷிஃப்டில் இடம் கிடைக்கும், காப்பீட்டு அட்டை செல்லுமா என்பவைதான் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்விகள். ஆனால் அந்த இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லிலிட்டர் வரை ரத்தம் உடலிலிருந்து வந்து, வடிகட்டப்பட்டு, அதே வேகத்தில் உடலுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும், அதற்கென்று உடலில் ஒரு வழி அமைத்தாக வேண்டும் என்பதையும், அந்த வழி அடைபட்டுவிட்டால் எவ்வளவு நல்ல இயந்திரமும் நோயாளிக்கு உதவாது என்பதையும் பெரும்பாலோர் வழி கெட்ட பிறகே அறிந்துகொள்கிறார்கள்.

மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், பொத்தேரி என்று சென்னையின் தென்புறநகர் முழுவதும் இன்று டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனைகள் உள்ளன. வடக்கே சென்ட்ரல் அருகிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில், மின்சார ரயில் செல்லும் பாதையிலேயே இருக்கின்றன. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இல்லாத வசதி இது. எனவே இந்த வட்டாரத்து நோயாளி இன்று எதிர்கொள்ளும் நெருக்கடி பல நேரங்களில் இயந்திரம் கிடைக்காததால் வருவதன்று, ரத்தம் எடுக்க உடலில் இடம் கிடைக்காததால் வருவது. அந்த இடம் தீர்ந்துபோவதற்கான காரணம், டயாலிசிஸ் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தெருமுனை கிளினிக்கில் முன்கையில் ஏறிய முதல் டிரிப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் செய்தி.

ரத்தம் எடுக்கும் வழி தீர்ந்துபோவது இந்தச் சிகிச்சையோடு கூடவே பிறந்த சிக்கல். நெதர்லாந்தின் காம்பென் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943இல், போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, தாம் உருவாக்கிய சுழலும் உருளைச் சிறுநீரகத்தை 29 வயதுப் பெண்ணொருவருக்குப் பயன்படுத்தினார். இயந்திரம் வேலை செய்தது. அவருடைய ரத்தத்திலிருந்து கழிவுகள் நீங்கின. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தமனியை (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்) அல்லது ஒரு சிரையை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய், பேச்சு வழக்கில் நாம் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று சொல்வது இதைத்தான்) அறுத்துத் திறக்க வேண்டியிருந்ததால், 12 முறைக்குப் பிறகு திறப்பதற்கு இடமே எஞ்சவில்லை, அந்தப் பெண் இறந்துபோனார். அதற்குப் பிறகு பதினேழு ஆண்டுகள், சில நாட்களில் தானாகத் தேறிவிடக்கூடிய திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு மட்டுமே இந்தச் சிகிச்சை பயன்பட்டதற்கும், நாட்பட்ட நோயாளிகள் கைவிடப்பட்டதற்கும் முதன்மையான காரணம் ரத்தக்குழாய்கள்தாம்.

அந்தத் தடையை உடைத்தது 1960 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னரும் அவருடைய குழுவினரும் செய்த ஏற்பாடு. பொறியாளர் வெய்ன் குவின்டன் வளைத்துக் கொடுத்த டெஃப்லான் குழாய்களில் ஒன்றை முன்கைத் தமனியிலும் மற்றொன்றைச் சிரையிலும் பொருத்தி, டயாலிசிஸ் இல்லாத நேரங்களில் இரண்டையும் தோலுக்கு வெளியே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் ரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டும்போது இணைப்பைக் கழற்றி இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அந்த ஏற்பாடு. முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளி அதன் பிறகு 11 ஆண்டுகள் வாழ்ந்தார். இருந்தும் தோலுக்கு வெளியே தொங்கும் குழாயில் கிருமித் தொற்றும் ரத்த உறைவும் ஓயவில்லை. அதற்கு விடை, வெளியிலிருந்து எதையும் பொருத்தாமல் உடலின் சொந்தக் குழாய்களையே பயன்படுத்துவது என்று கண்டுபிடித்தவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் முன்னாள் படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் சிமினோவும் மைக்கேல் பிரெஷியாவும் அவர்களுடைய அறுவை மருத்துவர் கென்னத் அப்பெலும் ஆவர். 1965இல் செய்யத் தொடங்கி 1966இல் அவர்கள் வெளியிட்ட அறுவை முறையைத்தான் இன்று தாம்பரத்தின் ஆட்டோ ஓட்டுநர் கூட ‘ஃபிஸ்டுலா போட்ட கை’ என்று அறிந்திருக்கிறார்.

ஃபிஸ்டுலா என்பது மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் பக்கவாட்டில் திறந்து ஒன்றோடொன்று தைத்துவிடுவது. ஓய்வில் நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் ரத்தமே ஓடும் மணிக்கட்டுத் தமனியில், எதிரே தடையற்ற சிரை திறந்துவிட்டவுடன் 200, 300 என்று ஓட்டம் கூடுகிறது. வாரங்கள் செல்லச் செல்ல அது 600க்கும் மேலே போகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கப் பழகும் சிரையின் சுவர் தடித்து, குழாய் அகலமாகி, தோலுக்கடியில் கயிறு ஓடுவதுபோல் எழுந்து நிற்கிறது. இதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். ஆறு வாரத்தில் 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மிகாத ஆழம், 600 மில்லிலிட்டர் ஓட்டம் என்பது மருத்துவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள வகுத்த ‘ஆறின் விதி’. கணிசமான பேருக்கு, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும், சிரை இந்த அளவை எட்டாமலே போவதுண்டு என்பதால்தான் அறுவையை டயாலிசிஸ் தொடங்கும் நாளுக்குப் பல மாதம் முன்னதாகவே செய்துவிட வேண்டும் என்கிறார்கள்.

முதிர்ந்த ஃபிஸ்டுலாவின் மேல் விரல்களை வைத்தால் ஓர் இடைவிடாத அதிர்வு தெரியும். காதருகே கொண்டுபோனால் இரைச்சல் கேட்கும். டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியன் முதலில் அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரத்தம் வெளியேற ஓர் ஊசியும் திரும்ப ஓர் ஊசியுமாக, கையில் ரத்தம் ஏற்றும் ஊசியைவிடப் பருமனான இரண்டு ஊசிகளைச் சாய்வாக ஏற்றி டேப் ஒட்டுகிறார். நான்கு மணி நேரம் கழித்து அவற்றை உருவியதும் நோயாளி தம் விரலாலேயே பஞ்சை வைத்துப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை என்று பத்தாண்டு, பதினைந்தாண்டுகூட ஒரே ஃபிஸ்டுலாவில் ஓட்டுபவர்கள் உண்டு. காலையில் கண் விழித்ததும் அந்த அதிர்வைத் தொட்டுப் பார்ப்பதும், அது நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுவதும் ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் நாளே கற்றுத்தர வேண்டிய பாடம். ஏனெனில் உறைந்த ரத்தக் கட்டியைச் சில மணி நேரங்களுக்குள், அதிகம் போனால் ஓரிரு நாட்களுக்குள், எடுத்துவிட்டால் அந்த வழி பிழைக்க வாய்ப்புண்டு. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பை மாட்டக் கூடாது, தலைக்கு அண்டை கொடுத்துத் தூங்கக் கூடாது. நெரிசல் நேரத்துத் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் அந்தக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மணிக்கட்டு ஃபிஸ்டுலா அடைபட்டால் அடுத்து முழங்கை மடிப்பில் ஒன்று செய்யலாம். அதுவும் போனால், மேற்கையின் உட்புறத்தில் ஆழமாகப் புதைந்திருப்பதால் யாருடைய ஊசியும் எட்டாமல் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும் பேசிலிக் சிரையைப் பிரித்தெடுத்து, தோலுக்கு அருகே மேலே கொண்டுவந்து இணைக்கலாம். இவ்வாறு கீழிருந்து மேலாக ஏறுவதுதான் முறை. மேலே முதலில் செய்துவிட்டால் கீழேயுள்ள இடங்கள் வீணாகும். இரண்டு கைகளிலும் சேர்த்து எண்ணினால் ஆறு வாய்ப்புகள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் உண்மையில் அறுவை மருத்துவர் முன் வந்து கையை நீட்டும் நோயாளிகளில் பலருக்கு அந்த ஆறில் ஒன்றோ இரண்டோதான் எஞ்சியிருக்கிறது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சொந்தச் சிரை உதவாதபோது செயற்கைக் குழாயால் பாலம் அமைப்பது அடுத்த வழி. இதை ‘கிராஃப்ட்’ என்பார்கள். தமனிக்கும் சிரைக்கும் இடையே, தோலுக்கடியில், நேராகவோ வளையமாகவோ ஒரு குழாயைப் பதித்து அதிலேயே ஊசி குத்துவது இதன் முறை. 1970களின் நடுப்பகுதியிலிருந்து இதற்குப் பயன்படும் பொருள், டெஃப்லான் குடும்பத்தைச் சேர்ந்த, நுண்துளைகள் கொண்ட பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக். இரண்டு மூன்று வாரங்களில் பயன்படுத்தத் தொடங்கலாம் என்பதும், சிரை மெலிந்திருந்தாலும் செய்யலாம் என்பதும் இதன் நன்மைகள்; சிரையோடு சேரும் முனையில் சதை வளர்ந்து குறுகுவதும், அந்நியப் பொருள் என்பதால் கிருமி எளிதில் குடியேறுவதும் தீமைகள். குறுகிய இடத்தைப் பலூன் வைத்து விரிப்பதும் கட்டியை அகற்றுவதுமாக ஒரு கிராஃப்டைப் பராமரிக்க வேண்டியிருக்கும் என்பதைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மை.

ஃபிஸ்டுலாவானாலும் கிராஃப்டானாலும், முழங்கையிலும் மேற்கையிலும் செய்யும்போது வரக்கூடிய ஒரு துன்பத்தைத் தஞ்சைப் பக்கத்து விவசாயி எவரும் உடனே புரிந்துகொள்வார்: தலைமடையில் ஒருவர் தண்ணீரை அளவுக்கு மீறித் திருப்பிக்கொண்டால் கடைமடை காய்வதுபோல, ரத்தம் முழுவதும் குறுக்கு வழியில் ஓடிவிட, விரல் நுனிகள் குளிர்ந்து வெளுத்து வலிக்கத் தொடங்கும். நீரிழிவு முற்றியவர்களுக்கு விரல் நுனியில் புண் உண்டாகி அழுகும் அளவுக்குப் போகலாம். ஃபிஸ்டுலா போட்ட கை ‘சில்லென்று இருக்கிறது’ என்று நோயாளி சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இனிக் கழுத்துக் குழாய். அவசரமாக டயாலிசிஸ் தொடங்கும் நோயாளிக்குக் கழுத்தின் வலப்புறமுள்ள பெரிய சிரையில் ஒரு குழாயைச் செலுத்துகிறார்கள். சில நாட்களுக்கு மட்டுமான தற்காலிகக் குழாய் ஒரு வகை. மற்றொன்று, மார்புத் தோலுக்கடியில் சுரங்கம்போல் சிறிது தூரம் சென்று, அங்கே பஞ்சு போன்ற ஒரு பட்டையைச் சுற்றித் திசு வளர்ந்து பற்றிக்கொள்வதால் மாதக்கணக்கில் நிலைத்திருக்கும் குழாய். இதைத்தான் நோயாளிகள் ‘பெர்ம்கேத்’ என்கிறார்கள். மார்பில் வெளியே தெரிவது இரண்டு வால்கள்: ஒன்றில் சிவப்புக் கிளிப், அது ரத்தம் வெளியேறும் வழி, மற்றொன்றில் நீலக் கிளிப், அது திரும்பும் வழி. ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் முடிந்ததும் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை இரண்டிலும் நிரப்பி மூடுகிறார்கள். மூடியைத் திறக்கும் அந்தச் சில நொடிகள்தாம் ஆபத்தானவை. நேரே இதயத்தின் வாசல்வரை செல்லும் குழாய் என்பதால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் திறந்தால் உள்ளே நுழையும் கிருமி ரத்தம் முழுவதும் பரவிவிடும். டயாலிசிஸின் நடுவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது இந்தக் குழாயைத்தான். சித்திரை, வைகாசி மாதங்களில் மின்வெட்டு நேரத்து வியர்வையில் மார்பில் ஒட்டிய கட்டு நனைந்து பிரிவதும், கழுத்துக்குக் கீழே மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு தலைக்குத் தண்ணீர் விடாமலே மாதங்களைக் கடத்துவதும் இந்த வட்டாரத்து நோயாளிகளின் அன்றாட வேதனை. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் வழக்கமுள்ள ஊரில் இது சின்ன இழப்பன்று.

கழுத்துக் குழாய் தீமையானது என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. இன்றைக்கே டயாலிசிஸ் செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலையில் அதுதான் உயிர்காக்கும் வழி. இதயம் பலவீனமாகிவிட்ட முதியவருக்கும், இன்னும் சில மாதங்களே என்று தெரிந்தவருக்கும் புதிதாக அறுவை செய்வதைவிட அதுவே கனிவான தேர்வு. தீங்கு எங்கே வருகிறது என்றால், ‘ஃபிஸ்டுலாவைப் பிறகு பார்க்கலாம்’ என்று ஆறு மாதம், ஓராண்டு என்று அதையே நீட்டிக்கொண்டுபோவதிலும், குழாய் வைக்கும் இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதிலும்தான். காறையெலும்புக்கு அடியிலுள்ள சப்கிளேவியன் சிரையில் குழாய் வைப்பது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. நோயாளிக்கும் அது வசதி. ஆனால் 1991இல் ஷிலிங்கர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சப்கிளேவியன் வழியில் குழாய் வைக்கப்பட்டோரில் 42 விழுக்காட்டினருக்கும், கழுத்துச் சிரையில் வைக்கப்பட்டோரில் 10 விழுக்காட்டினருக்கும் மையச் சிரை பின்னர் சுருங்கிப்போனது தெரிந்தது. மார்புக்குள் இருக்கும் அந்த மையச் சிரை சுருங்கிவிட்டால் அந்தப் பக்கத்துக் கை முழுவதும் பயனற்றதாகிவிடுகிறது. எவ்வளவு நன்றாக ஃபிஸ்டுலா செய்தாலும் திரும்பிச் செல்ல வழியில்லாத ரத்தத்தால் கை யானைக்கால்போல் வீங்கும், முகம் உப்பும், மார்புத் தோலில் நீலக் கோடுகளாகச் சிறுசிரைகள் புடைக்கும்.

கைகள் இரண்டும் இவ்வாறு கைவிட்ட நோயாளிக்கு எஞ்சியிருப்பவற்றைத்தான் மருத்துவ நூல்கள் மாற்று வழிகள் என்று தனி அத்தியாயமாக எழுதுகின்றன. மார்பின் குறுக்கே, ஓர் அக்குளின் தமனியிலிருந்து எதிர் அக்குளின் சிரைக்குக் கழுத்தணிபோல் செயற்கைக் குழாயைப் பதிப்பது ஒன்று. சுருங்கிய மையச் சிரையைப் பலூனால் விரித்தோ, அடைப்பின் நடுவே கம்பியைத் துளைத்துச் செலுத்தியோ பழைய வழியையே மீட்க முயல்வது மற்றொன்று. மேற்கைத் தமனியில் தொடங்கும் செயற்கைக் குழாயை, கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் வல மேலறை வரை நீளும் வலுவூட்டப்பட்ட சிலிகான் குழாயோடு இணைத்து, அடைபட்ட பகுதியையே தாண்டிச் சென்றுவிடும் ‘ஹீரோ’ என்ற சாதனத்துக்கு அமெரிக்காவில் 2008இல் ஒப்புதல் கிடைத்தது. அதன் விலையைப் பார்க்கும்போது குரோம்பேட்டையில் கூலி வேலை செய்து குடும்பம் நடத்தும் ஒருவருக்கு அது இருந்தும் இல்லாததே.

தொடையில் கிராஃப்ட் வைப்பதும், தொடையிடுக்குச் சிரையில் பெர்ம்கேத் வைப்பதும் அடுத்த படிகள். இடுப்பு மடிப்பில் வியர்வையும் அசுத்தமும் சேர்வதால் தொற்று அதிகம். குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்தும் வீடுகளில் குழாய் மடங்கும். நீரிழிவால் கால் ரத்தக்குழாய்கள் ஏற்கனவே குறுகியவர்களுக்குக் காலே ஆபத்துக்குள்ளாகும். இவற்றைவிட முக்கியமானதும், பல குடும்பங்களுக்குச் சொல்லப்படாததுமான செய்தி ஒன்று உண்டு: மாற்றுச் சிறுநீரகத்தை மருத்துவர்கள் பொருத்துவது அடிவயிற்றின் பக்கவாட்டில், இலியாக் சிரையில். தொடை வழியாக நீண்ட நாள் குழாய் வைத்து அந்தச் சிரையும் சுருங்கிவிட்டால், நாளை தாயோ மனைவியோ சிறுநீரகம் தர முன்வந்தாலும் அதைத் தைக்க இடமிருக்காது. உறுப்பு மாற்றுக்குக் காத்திருக்கும் எவரும் தொடையில் குழாய் வைக்கச் சம்மதிக்கும் முன் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அதையும் தாண்டிப் போகும்போது, நோயாளியைக் குப்புறக் கிடத்தி எக்ஸ்ரே உதவியோடு முதுகின் வலப்பக்கத்திலிருந்து அடிவயிற்றின் பெருஞ்சிரைக்கு ஊசி செலுத்தி அங்கே குழாய் வைப்பது உண்டு. கல்லீரலைத் துளைத்து அதன் சிரை வழியாக இதயத்தை எட்டுவதும் உண்டு. முன்னதில் நோயாளி மல்லாந்து படுக்கவே அஞ்சுவார். பின்னதில் ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் ஏறி இறங்குவதால் குழாய் நழுவும். தேர்ந்த கதிரியல் மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே செய்யத்தக்க இவை, மாதங்களை வாங்கித் தரும். ஆண்டுகளைத் தருவது அரிது.

ரத்தக்குழாயே தேவைப்படாத வழி ஒன்று இருக்கும்போது அதை வரிசையின் கடைசியில் வைப்பது இந்த ஊரின் மிகப் பெரிய குறை. குடல்களைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் பெரிட்டோனியல் டயாலிசிஸில், ஹென்றி டெங்காஃப் 1968இல் வடிவமைத்த மென்குழாய் ஒன்று தொப்புளருகே பதிக்கப்படுகிறது. நோயாளி வீட்டிலேயே நாளுக்கு மூன்று நான்கு முறை இரண்டு லிட்டர் மருந்து நீரைப் பையிலிருந்து வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே வடித்துவிடுகிறார். ஊசி இல்லை, இயந்திரம் இல்லை, மின்சாரம் தேவையில்லை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவும் ஒழுங்கும், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காரத் தூய்மையான ஒரு மூலையும், பெட்டிகளை அடுக்கக் கொஞ்சம் இடமும் போதும். வடியும் நீர் கலங்கலாகத் தெரிந்தால் வயிற்றுக்குள் தொற்று என்று பொருள்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சென்னையில் இந்த முறையை 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் டாக்டர் ஜார்ஜி ஆப்ரஹாம். ஏழை நோயாளிகளுக்கு உதவ 1993இல் டேங்கர் அறக்கட்டளையைத் தொடங்கியவரும் அவரே. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இந்த டயாலிசிஸ் பைகளையும் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. 2016இல் ஹீமோடயாலிசிஸுக்காகத் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் 2019இல் பெரிட்டோனியல் டயாலிசிஸைச் சேர்த்துக்கொண்டது. இத்தனைக்குப் பிறகும், கையில் வழி தீர்ந்து, கழுத்தில் தீர்ந்து, தொடைக்கு வந்த பிறகே ‘வயிற்றில் ஒரு முறை இருக்கிறது’ என்று முதல் முறையாகக் கேள்விப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. (2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருக்குள் இருந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய டயாலிசிஸ் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை, பைகளை உயரமான இடத்தில் அடுக்கி வைக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லலாம்.)

ஆறு வாய்ப்புகளோடு வர வேண்டிய நோயாளி ஏன் ஒன்றிரண்டோடு வருகிறார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். இந்திய நாட்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேட்டின் முதல் அறிக்கை 2012இல் வெளியானபோது, அதில் பதிவான 52,273 பேரில் 48 விழுக்காட்டினர் சிறுநீரக மருத்துவரிடம் முதன்முதலாக வரும்போதே ஐந்தாம் நிலையில், அதாவது சிறுநீரகத் திறன் ஏறத்தாழ முற்றாக இழந்த நிலையில், இருந்தார்கள். அப்படி வருபவருக்கு ஃபிஸ்டுலா முதிர மூன்று மாதம் காத்திருக்க அவகாசமில்லை. கழுத்துக் குழாயோடுதான் தொடங்கியாக வேண்டும். அமெரிக்காவில் 2003இல் ‘ஃபிஸ்டுலாவே முதலில்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி அதன் விழுக்காட்டை அறுபதுக்கு மேல் உயர்த்தினார்கள்; பிறகு, எல்லோருக்கும் ஃபிஸ்டுலா என்று வற்புறுத்தியதில் முதிராத ஃபிஸ்டுலாவோடு கழுத்துக் குழாயில் காத்திருப்போர் பெருகியதைக் கண்டு, 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில், ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் திட்டம் ஒன்றை வகுத்து, இந்த வழி கெட்டால் அடுத்தது எது என்பதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 15 முதல் 20 மில்லிலிட்டருக்குள் இறங்கி மேலும் சரிந்துகொண்டிருந்தால் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் அந்நெறிகளில் உள்ளது.

இத்தனை நெறிகளும் பயன்பட வேண்டுமானால் அதுவரை முன்கைச் சிரைகள் உயிரோடு இருக்க வேண்டுமே! காய்ச்சல் பருவத்தில் பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை எந்தச் சிறு கிளினிக்கில் எட்டிப் பார்த்தாலும், வாயால் தண்ணீர் குடிக்க முடிகிற நோயாளியின் முன்கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும். ‘ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள் டாக்டர், தெம்பாக இருக்கும்’ என்று கேட்பவர்கள் நோயாளிகளே. மணிக்கட்டுக்கு மேலே கட்டைவிரல் பக்கமாக ஓடும் செஃபாலிக் சிரை நேராகவும் தடிப்பாகவும் கண்ணுக்குத் தெரிவதால் செவிலியரின் ஊசி முதலில் தேடுவதும் அதைத்தான். ஃபிஸ்டுலாவுக்கு அறுவை மருத்துவர் முதலில் தேடுவதும் அதே சிரையைத்தான். மூன்று நாள் பிளாஸ்டிக் ஊசி இருந்து, வீங்கிச் சிவந்து, பிறகு தழும்பாகிக் கயிறுபோல் இறுகிவிட்ட சிரையில் பின்னர் எந்த அறுவையும் பலிக்காது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பத்தாண்டாக இருப்பவர், கிரியேட்டினின் ஏறத் தொடங்கியவர், சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லப்பட்டவர் எவருக்கும் ரத்தம் எடுப்பதும் மருந்து ஏற்றுவதும் புறங்கையில் மட்டுமே என்பதைச் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்விக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் டாக்டர் எம். கே. மணி நடத்திய சிறுநீரக உதவி அறக்கட்டளை, வீடுவீடாகச் சென்று சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கண்டுபிடித்து மலிவான மாத்திரைகளால் கட்டுப்படுத்தினாலே பலரை டயாலிசிஸ் வரை வராமல் தடுக்கலாம் என்று செயலில் காட்டியது. அதே வீட்டு வருகையில், அதே ஊழியர், ‘இந்தக் கையில் ஊசி போடவிடாதீர்கள்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால் போதும். மாத்திரை பலிக்காமல் போனவர்களுக்கும் ஒரு நல்ல வழி எஞ்சியிருக்கும்.

உறுப்பு மாற்று வாரியங்களும் ரத்தம் எடுக்கும் வழி தீர்ந்துபோவதன் கடுமையை உணர்ந்தே இருக்கின்றன. தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பு வகுத்த சிறுநீரக ஒதுக்கீட்டு நெறிகளில், ஃபிஸ்டுலா வைக்கக்கூடிய இடங்கள் அனைத்தும் தோற்றுப்போன நோயாளிக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்ணைப் பெறவும் எந்தப் பக்கம், எந்த ஆண்டு, எந்த வழி தோற்றது என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றுதான் பெரும்பாலான கோப்புகளில் இல்லை. ஒரு மருத்துவமனையில் கழுத்துக் குழாய், மற்றொன்றில் ஃபிஸ்டுலா, மூன்றாவதில் பலூன் சிகிச்சை என்று அலைந்த நோயாளியின் பிளாஸ்டிக் பையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் நூறு இருக்கும். குழாய்களின் வரலாறு ஒரு பக்கம்கூட இராது.

ஆகவே தென்புறநகரில் டயாலிசிஸ் மையம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள்: நோயாளியின் கோப்பில் முதல் பக்கமாக இரண்டு கைகள், கழுத்து, தொடை ஆகியவற்றின் எளிய படம் ஒன்றை வைத்து, எங்கே, எந்தத் தேதியில், எந்த வகைக் குழாய் அல்லது அறுவை, ஏன் நின்றது என்பதை அதில் குறித்து, அதன் நகலொன்றை நோயாளியிடமே கொடுத்துவிடுங்கள், அடுத்த வழி எது என்பதையும் அதன் கீழேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வீட்டில் சிறுநீரக நோயாளி இருக்கும் வாசகர்கள், அடுத்த முறை போகும்போது அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிட்டோனியல் டயாலிசிஸ் நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.